கம்ப்யூட்டர் தெரிந்த மாமா

இந்த உலகத்தில் வைத்தியர்கள் பல வகை. நாடி பிடிப்பவர் உண்டு, ஊசி போடுபவர் உண்டு, எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவர் உண்டு. இவர்கள் எல்லோரையும்விட அதிக மரியாதையும் இவர்கள் எல்லோரையும்விடக் குறைந்த படிப்பும் உடைய இன்னொரு வகையும் உண்டு. தெருவுக்கு ஒருவர், குடும்பத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பரவிக் கிடந்து, சொந்தக்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர் எப்போது படுக்கும் என்று காத்திருக்கும் அந்த இனத்துக்குக் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று பெயர். அவருக்குக் கம்ப்யூட்டரைத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அவரைத் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அவரை நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். ஆசையாக ஒரு பென் டிரைவை வாங்கிவந்து கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் சொருகுகிறீர்கள். திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு பலூன் எழும்புகிறது. நீ சொருகிய சாமான் எது, என்ன, எந்த ஊர், எனக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை என்று இங்கிலீஷில் கையை விரிக்கிறது. நேற்றுவரை மடியில் உட்கார்ந்து விளையாடிய குழந்தை இன்றைக்கு உங்களைப் பார்த்து "யாரு நீ?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது உங்களுக்கு. அந்த நேரம் பார்த்து வீட்டில் யாராவது ஒருவர் திருவாய் மலர்கிறார்: "அவுகளக் கூப்பிடுங்கப்பா."

அவர் வருகிறார். வந்தவுடன் கம்ப்யூட்டரைப் பார்ப்பார் என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்துக்குப் புதியவர். அவர் முதலில் மனிதர்களைப் பார்ப்பார். வரிசையாக, ஒவ்வொருவராக, போலீஸ்காரர் திருட்டுப்போன வீட்டு வேலைக்காரர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, அடித் தொண்டையில் கேட்பார்: "இதைக் கடைசியா யாரு தொட்டது?"

யாராவது ஒருவர் தொட்டிருக்கத்தானே வேண்டும்? தொடாமல் கும்பிடுவதற்கா வாங்கினோம்? ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் குடும்பமே தலைகுனிந்து நிற்கும்.

அதற்குப் பிறகு சடங்குகள். சொருகியதைப் பிடுங்குவார். துளைக்குள் "ஃபூ" என்று ஊதுவார். சொருகுவார். பலூன் வரும். பிடுங்கித் தலைகீழாகத் திருப்பிச் சொருகப் பார்ப்பார், போகாது, போகாததற்குத் துளையைத் திட்டுவார். பிறகு மவுஸ் என்னும் எலியைக் கையில் எடுத்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று நிறுத்தாமல் அழுத்துவார். ரெஃப்ரெஷ் அழுத்தினால் பழுது தீருமா? தீராது. ஆனால் பார்ப்பவர்களுக்கு ஒரு தெம்பு. பிறகு கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவார். அது எழுந்து வருவதற்குள் ஒரு டீ. எழுந்து வந்த பிறகும் பலூன் வந்தால், அவர் கையில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன: வைரஸ், சைனா சாமான், மதர்போர்டு போச்சு. மூன்றுக்கும் மசியாத கம்ப்யூட்டருக்கு மரண தண்டனை. அதன் பெயர் ஃபார்மட்.

கூடலூரில் லூர்துநாதன் வாத்தியார் வீட்டுப் பிரிண்டரை இந்த இனத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, "மலைக்காத்துக்கு இங்க்கு உறைஞ்சுபோச்சு சார், வெயில்ல வைங்க" என்று சொல்லி மொட்டைமாடியில் வற்றலோடு வற்றலாகக் காயவைத்தார். அந்தக் கதையை விடுங்கள். பக்கத்து ஊரான கம்பத்துக்கு வாருங்கள். இந்த இனத்தின் முழு வளர்ச்சி அடைந்த ஓர் உருப்படியை அங்கேதான் பார்க்க முடியும்.

பெயர் ஜெய்லானி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புக்கடை. தொண்ணூற்றெட்டில், தேனிக்குப் போய் மூன்று மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவர். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைக் கண்ணாடி அறைக்குள் ஏ.சி. போட்டு வைத்திருந்தார்கள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பிறந்ததிலிருந்து செருப்போடு வாழ்ந்த மனிதரைச் செருப்பைக் கழற்றச் சொன்ன முதல் எந்திரம் அது. அந்த மரியாதை அவருக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. மூன்று மாதத்தில் வேறு எதுவும் இறங்கியதாகத் தகவல் இல்லை. இன்றைக்கும் எந்த வீட்டில் கம்ப்யூட்டர் பார்க்கப் போனாலும் அந்த அறையில் இருப்பவர்கள் அத்தனை பேரும் செருப்பைக் கழற்றியாக வேண்டும். கழற்றியதும் அவர் அதைக் குனிந்து பார்த்து, "இது எங்கன வாங்குனது? தையல் நிக்காதே" என்பார். அது தொழில்.

அவருடைய அக்கா ரஹ்மத்தின் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ரஹ்மத்தின் மகன் ரஃபி, சவூதியில் தம்மாமில் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தான். மனைவி சுமையா கர்ப்பமாக இருந்தபோது போனவன். பிறந்த மகள் சாதியாவை அவன் இன்னும் பார்க்கவில்லை. போனில் அழுகுரல் கேட்டிருக்கிறான், சிரிப்புக் கேட்டிருக்கிறான், 'ப்பா ப்பா' என்று எச்சில் தெறிக்கும் சத்தம் கேட்டிருக்கிறான். காது முழுக்க மகள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த லீவு அடுத்த வருஷம்.

"தவழ்றதையாவது பாத்துரணும் சுமையா," என்று ஒருநாள் போனில் சொன்னான்.

"தவழ்றதா? அவ கட்டில்காலப் பிடிச்சு எந்திரிச்சு நிக்கிறா. இன்னும் கையை மட்டுந்தான் விடல."

இரண்டு வாரம் கழித்து, ஊருக்கு வந்த உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் மூலமாக ஒரு வெப்கேமரா வந்து சேர்ந்தது. கூடவே தகவலும் வந்தது. ரஃபியின் அறையில் இருந்த மலையாளி ஒருவர் தன் கம்ப்யூட்டரைப் பேசுவதற்குத் தருகிறார். ஆனால் சனிக்கிழமை அவர் கம்ப்யூட்டரோடு ஜித்தாவுக்கு மாறிப் போகிறார். ஆகவே வெள்ளிக்கிழமை மூன்று மணி. அதை விட்டால் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சுமையா கேமராவின் வயரை எடுத்துக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் சொருகினாள்.

மஞ்சள் பலூன்.

பக்கத்துத் துளையில் போட்டாள். அதே பலூன். அழுகை வந்தது. அழுதால் ஆகாது என்று, தங்கை நசீமுடைய நிக்காஹ் போட்டோ இருந்த பென் டிரைவை எடுத்துவந்து அதே துளையில் போட்டுப் பார்த்தாள். நோன்புக்கு முன்னால் இதே துளையில் போட்டு, இதே திரையில், குடும்பமே சேர்ந்து பார்த்த போட்டோக்கள் அவை. இப்போது அதற்கும் பலூன். புதிதாக வந்த கேமராவும் பழைய பென் டிரைவும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் செத்துப்போகுமா? சாமான் மேல் குற்றமில்லை, துளையில்தான் ஏதோ கோளாறு என்று அவளுக்குப் பட்டது.

நோன்புக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன நடந்தது? ஜெய்லானி மாமா நடந்தார்.

நோன்புப் பெருநாளுக்கு வீடு ஒட்டடை அடித்தபோது, யாரும் கேட்காமலே, கம்ப்யூட்டருக்கும் ஒட்டடை அடித்துத் தருவதாக வந்தார். பெட்டியின் கதவைத் திறந்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். முன்பக்கத் துளைகளுக்குப் போகும் ஒரு வயர் கழன்று வந்தது. அதன் நுனியில் ஒரு சின்ன வாய். அந்த வாய் போகவேண்டிய இடம் எது என்று தேடினார். ஓர் இடம் கிடைத்தது. வாய் சம்மதிக்கவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சம்மதித்தது. எல்லாம் மூடிய பிறகு ஒரு திருகாணி மிச்சம் விழுந்தது.

"இது எங்கன உள்ளதுடா தம்பி?" என்றாள் ரஹ்மத்.

"கம்பெனிக்காரன் எப்பவுமே ரெண்டு அதிகமாத்தான் போடுவான்க்கா. வச்சிரு, உதவும்."

அந்தத் திருகாணி சமையலறையில் கிராம்பு போட்டு வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் குடிபோனது. கடைசியாக, எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டியின் பின்பக்கம் இருந்த மற்றத் துளைகளின் மேல் பழுப்பு டேப்பை ஒட்டி, "பின்பக்கம் கரண்டு பக்கம். நான் இல்லாம யாரும் கையை வைக்கக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். கெட்டுப்போன துளை இரண்டும் முன்னால் திறந்து கிடந்தன. நல்ல துளை நான்கும் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தன. இதற்கெல்லாம் ஒரு படிப்பு வேண்டும்.

சுமையா குனிந்து, மெதுவாகக் கையைப் பெட்டிக்குப் பின்னால் விட்டாள். விரல் டேப்பின் நுனியைத் தொட்டது.

"ஏத்தா! அங்கன கைய வைக்காத!" சமையலறையிலிருந்து ரஹ்மத் ஓடிவந்தாள். "கரண்டு அடிக்கும்னு ஜெய்லானி சொல்லியிருக்கான்ல? பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு என்னா வெளையாட்டு? இரு, அவன் ஜும்மா முடிச்சு இங்கனதான் வருவான்."

வந்தார். பிரியாணி வாசனை கேமராவைவிட முக்கியம் என்பதால் முதலில் சாப்பிட உட்கார்ந்தார்.

"மாமா, மூணு மணிக்கு அவுக வந்துருவாக," என்றாள் சுமையா.

"வரட்டும்மா. கம்ப்யூட்டரு எங்க ஓடியா போகப்போகுது?" என்று இரண்டாவது முறை சோறு வாங்கினார்.

கை கழுவி, துண்டால் துடைத்து, அறைக்குள் வந்து, எல்லோர் காலையும் பார்த்தார். செருப்பு இல்லை. திருப்தி.

"இதைக் கடைசியா யாரு தொட்டது?"

"நாந்தான் மாமா."

"ம்."

அந்த ஒரு 'ம்'முக்குள், படிக்காதவர்கள் கையில் சாமானைக் கொடுத்தால் இப்படித்தான், பரவாயில்லை, நான் இருக்கிறேன், அழாதே, ஆனால் தப்பு உன்மேல்தான் என்ற அத்தனையும் இருந்தது. பிடுங்கினார். ஊதினார். சொருகினார். பலூன். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கன வாங்குனது?"

"தம்மாம்லருந்து குடுத்துவிட்டாக மாமா."

"அதான பாத்தேன்! சவூதிக் கரண்டு வேறக்கா. அங்கன உள்ள சாமான் இங்கன வந்தா நம்ம கரண்டுக்குப் பழகணும்ல? சொருகியே வைங்க. தானாப் பழகும்."

"ஆமா, பழகிக்கிரணும்ல," என்றாள் ரஹ்மத், மருமகளைப் பார்த்துக்கொண்டே. "வந்த எடத்துக்குத் தக்கன பழகாட்டி எப்புடி?"

கேமரா பழகுவதை மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். டீ வந்தது. டீ முடிந்தது. கேமரா பழகவில்லை. கடிகாரம் மட்டும் நகர்ந்தது. கட்டிலைப் பிடித்து நின்ற சாதியா, ஒரு கையை எடுப்பதும் பயந்துபோய் மறுபடி பிடிப்பதுமாக இருந்தாள். எந்த நேரமும் விட்டுவிடுவாள் என்று தாய்க்குத் தெரிந்தது. அல்லாஹ்வே, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல், அவளைப் பெற்ற அத்தா பார்க்கட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"வைரஸ்," என்றார் ஜெய்லானி திடீரென்று.

"வைரஸ் எப்புடி மாமா வந்துச்சு?"

"போட்டோ வழியாத்தான். கல்யாணப் போட்டோ ஏத்துனீகள்ல? அதுல கூட்டம் ஜாஸ்தி. எவன் எதக் கொண்டுவந்தானோ? ஒண்ணும் பயப்படாத. ஃபார்மட் அடிச்சிருவோம்."

பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்தார். கத்தியை எடுக்கும் டாக்டர்கூட அவ்வளவு அலட்சியமாக எடுக்கமாட்டார்.

"மாமா, பாப்பா பொறந்ததுலருந்து எடுத்த போட்டோ அம்புட்டும் இதுக்குள்ளதான் இருக்கு. வேற எங்கனயும் இல்ல."

"போட்டோவப் பாத்தா கம்ப்யூட்டர் பொழைக்காது. ஒரு மூணு மணி நேரம். பளிச்சுனு புதுசா எந்திரிச்சு வந்துரும்."

மூன்று மணி நேரமா? அப்போதே போன் அடித்தது. ரஃபி.

"சுமையா, நான் உக்காந்துட்டேன். கேமரா வந்துருச்சா?"

பதில் சொல்லுமுன் போன் மாமா கைக்குப் போயிருந்தது. "மாப்ள, ஒண்ணும் இல்ல, சின்ன வைரஸு. மாமா பாத்துக்கிட்டு இருக்கேன். நீ அங்கனயே இரு."

வாசகர்களே, இப்போது இந்தப் பெண் என்ன செய்வாள்? உள்ளதைச் சொல்லலாம். மாமா, நோன்பில் நீங்கள் சொருகிய வயர்தான் தப்பு, டேப்பைக் கிழித்துப் பின்னால் போடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொன்னால் கம்ப்யூட்டர் சரியாகும். குடும்பம் பழுதாகும். ரஃபிக்கும் அவளுக்கும் சம்பந்தம் பேசி முடித்ததே இந்த மாமாதான். அவர் முகம் சுருங்கினால் ரஹ்மத் முகம் சுருங்கும். ரஹ்மத் முகம் சுருங்கினால் அடுத்த ரமலான்வரை அந்த வீட்டில் உப்புக்கும் சண்டை வரும். சொல்லாவிட்டாலோ, மகள் பிறந்த கதை முழுவதும் ஒரு சி.டி.யில் அழிந்துபோகும், தம்மாமில் ஒருவன் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சி.டி. உள்ளே போகக் கம்ப்யூட்டரின் வாய் திறந்தது. சுமையாவின் வாயும் திறந்தது.

"மாமா, நோன்புல நீங்க ஒண்ணு சொன்னீகள்ல?"

"என்னா சொன்னேன்?"

"வெளிநாட்டுச் சாமான் ஏதாச்சும் வந்தா முன்னாடி போடக்கூடாது, பின்னாடி போட்டாத்தான் எடுக்கும், அதுக்காகத்தான் யாரும் தொடாம டேப்பு ஒட்டிப் பத்திரமா வச்சிருக்கேன்னு சொன்னீக."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஜெய்லானி ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். நீங்களும் நானுமாக இருந்தால் 'நான் எப்போது சொன்னேன்?' என்று கேட்டிருப்போம். இந்த இனம் கேட்காது. நல்ல வார்த்தை எது காதில் விழுந்தாலும் அது தான் சொன்னதாகவே அதற்கு ஞாபகம் வரும்.

"ஆமா, சொன்னேன்ல!" என்று துள்ளி எழுந்தார். "அட, அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? இம்புட்டு நேரம் மனுசன அலைக்கழிச்சிட்டியே!"

"இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குப் பெரியவுக சொன்னது எங்க ஞாபகம் இருக்கு?" என்றாள் ரஹ்மத்.

"தப்புத்தான் மாமி," என்றாள் சுமையா. தலை குனிந்திருந்தது. குனிந்த தலைக்குள் சிரிப்பா அழுகையா என்று யார் கண்டது?

கரண்டு அடிக்காமலிருக்க ஒரு மரப்பலகை வரவழைக்கப்பட்டது. அதன்மேல் ஏறி நின்று, பிஸ்மில்லா சொல்லி, டேப்பைக் கிழித்து, கேமரா வயரைப் பின்பக்கத் துளையில் சொருகினார். "டிங்" என்று ஒரு சத்தம். பலூன் வரவில்லை. கேமராவின் நெற்றியில் நீலமாக ஒரு பொட்டு வெளிச்சம் மின்னியது. திரையில் ஒரு சதுரம் திறந்தது. அதற்குள் முதலில் தெரிந்தது ஒரு வழுக்கை. அது நிமிர்ந்தபோது ஜெய்லானி.

அடுத்த சதுரத்தில் ரஃபி வந்தான். இளைத்திருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். மகள் முதன்முதலில் பார்க்கப்போகிறாள் என்று சீவி முடித்து உட்கார்ந்திருந்தவன், திரையை நிறைத்த மாமாவைப் பார்த்து ஒரு விநாடி பின்னால் சாய்ந்தான்.

"மாப்ள! தெரியுதா? கேக்குதா?"

"தெரியுது மாமா. புள்ளைய…"

"இரு மாப்ள, வர்றேன். இது சாதாரணப் பிரச்சனை இல்ல. மொதல்ல நான் கரண்டுதான்னு நெனச்சேன். அப்பறம் வைரஸோன்னு ஒரு சந்தேகம்…"

சுமையா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நாற்காலி எழவில்லை. இருமினாள். நாற்காலி எழவில்லை. "மாமா, பாப்பா…" என்றாள். "இரும்மா, டெக்னிக்கலாப் பேசிக்கிட்டு இருக்கோம்" என்று பதில் வந்தது. தம்மாமில் அந்த மலையாளி எப்போது வந்து கம்ப்யூட்டரைக் கட்ட ஆரம்பிப்பாரோ? கையில் இருப்பதே இந்தக் கொஞ்ச நேரம். அதிலும் பாதி, பின்பக்கத் துளையின் பெருமையில் கரைந்துகொண்டிருந்தது.

பெற்றவள் வேறு வழி தேடினாள். திரையின் சதுரத்தைப் பார்த்தாள். மாமாவின் இடது தோளுக்கு மேலே, கை அகலத்துக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் கட்டிலும் எதிர்ச்சுவரும் தெரிந்தன. அவள் சத்தம் போடாமல் குழந்தையைக் கட்டில்காலைப் பிடித்து நிற்க வைத்தாள். தான் போய் எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"சாதியா. அம்மாட்ட வாத்தா."

சாதியா கட்டிலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு கையை எடுத்தாள். மறு கையையும் எடுத்தாள்.

"…அப்பத்தான் மாப்ள, நோன்புல நானே சொன்னது எனக்கே மறந்துபோச்சு பாரு…"

ஓர் அடி. ஆடியது உடம்பு. இன்னோர் அடி. அப்புறம் அடி என்று எண்ண முடியாத ஓட்டமாக, விழுவதா நடப்பதா என்று தெரியாத வேகமாக, கொலுசு சிணுங்க வந்து தாயின் மார்பில் முட்டினாள்.

திரையில் ரஃபி வாயைக் கையால் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அவன் பார்வை மாமாவின் முகத்தில் இல்லை. தோளுக்கு மேலே, அந்தக் கை அகல இடத்தில் இருந்தது.

ஜெய்லானி நெகிழ்ந்துபோனார். "ஏ மாப்ள, இதுக்குப் போயி அழுவாகளா? மாமா எதுக்கு இருக்கேன்? எப்பப் பழுதானாலும் ஒரு போனு போடு, போதும்."

"சரி மாமா," என்றான் ரஃபி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நல்லாப் பாத்துட்டேன் மாமா. போதும் மாமா."

"பாத்தியாக்கா?" என்று திரும்பினார் ஜெய்லானி. "புள்ள எம்புட்டு நன்றியோட இருக்கான்!"

போகும்போது ஒரு முன்யோசனை செய்துவிட்டுப் போனார். பின்பக்கத்திலிருந்து கிழித்த பழுப்பு டேப்பை முன்பக்கத் துளைகளின் மேல் ஒட்டி, "இனி இதுல யாரும் கைய வைக்காதீக, இது டேஞ்சர்" என்றார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே சரியான தீர்ப்பு அதுதான். காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஜெய்லானியை உங்களுக்குத் தெரியும், உங்கள் சித்தப்பா அப்படித்தான், உங்கள் மச்சான் அப்படித்தான். நீங்கள் அப்படி இல்லை, அவ்வளவுதானே? நல்லது. போன மாதம் அடுத்த வீட்டில் உங்களைக் கூப்பிட்டார்களே, உள்ளே நுழைந்ததும் முதலில் என்ன கேட்டீர்கள்? யார் தொட்டது என்றுதானே? ஊதிப் பார்த்தீர்களா? சரியானதும் அந்த வீட்டுப் பெண் ஏன் தலையைக் குனிந்துகொண்டாள் என்று யோசித்தீர்களா?

எதற்கும் எழுந்துபோய் உங்கள் மேஜை டிராயரைத் திறந்து பாருங்கள். எந்த எந்திரத்துக்குச் சொந்தம் என்று தெரியாத ஒரு திருகாணி மூலையில் உருண்டு கிடக்கும்.